பியூலாவின் நடை

பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னது கிருபாவதிதான். ஏற்றச் சொன்னவளும் அவள்தான். இரண்டுக்கும் நடுவில் இருபத்தெட்டு வருஷம் ஓடிப்போயிருந்தது.

அப்போது அவள் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஆம்பூருக்கு இரண்டாந்தாரமாக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூலையில் இருந்த பெட்டியைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். பியூலாவின் படம், ஓடுகிற படம் என்றார் சுந்தர்ராஜ். "அது என் கண்ல படாத எடத்துல இருக்கட்டும்," என்றாள். செத்தவளோடு சக்களத்திச் சண்டை போட முடியுமா என்று கேட்பார்கள். நன்றாக முடியும். உயிரோடு இருக்கிறவளோடு போட்டால் ஒரு நாள் அலுத்துப்போகும். செத்தவளோடு போடுகிற சண்டைக்கு ஓய்வே கிடையாது. சுந்தர்ராஜ் பெட்டியைத் தூக்கிச் சமையலறைப் பரணில் வைத்துவிட்டார். கீழே அடுப்பு. முதலில் விறகு, பிறகு மண்ணெண்ணெய், பிறகு கேஸ். அத்தனை வருஷத்துச் சூடும் புகையும் மேலே போய்ப் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்ததை இரண்டு பேருமே நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தப் படம் வந்த கதை எழுபத்தைந்தாம் வருஷத்துக் கதை. சுந்தர்ராஜ் வேலை பார்த்த தோல் தொழிற்சாலைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ஸ்பிரே மிஷின் வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்கக் கூடவே ஒரு ஃபிட்டரும் வந்தான். வாசற்படியில் குனிந்து நுழைகிற உயரம். ஃபினிஷிங் செக்‌ஷனில் அவனுக்கு ஒத்தாசையாக நின்றவர் சுந்தர்ராஜ். கிறிஸ்துமஸுக்கு அந்த ஜெர்மன் துரை இவர் வீட்டில் சாப்பிட்டான். சாப்பிட்ட கையோடு சின்ன கேமரா ஒன்றை எடுத்துப் படம் பிடித்தான். அந்தச் சுருளை அவன் ஊரில்தான் கழுவ முடியும் என்று கொண்டுபோய், மாதங்கள் கழித்து, படம் காட்டுகிற பழைய புரொஜெக்டர் ஒன்றையும் சேர்த்து முதலாளி வசம் அனுப்பிவைத்தான். அது வந்து சேர்ந்தபோது பியூலா இல்லை. மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். குழந்தை ஜெனிஃபா நடை பழகிக்கொண்டிருந்த சமயம். முதலாளி பங்களாச் சுவரில் ஒரே ஒரு தடவை படத்தை ஓட்டிப் பார்த்த சுந்தர்ராஜ் அதன் பிறகு பெட்டியைத் திறக்கவில்லை.

ஜெனிஃபாவை வளர்த்தவள் கிருபாவதி. தனக்கென்று ஒன்று பிறக்கவில்லை. அதற்காக அழுதது கொஞ்ச காலம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் சர்ச்சுக்கும் நடந்தே தேய்ந்த செருப்புகள் எத்தனையோ. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் ஜெனிஃபா வேதபாடம் வாசிக்க எழுந்து முன்னால் போகும்போது, பின்பெஞ்சுப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு சொல்வார்கள்: "அப்டியே பியூலா நட. பாரேன், அப்டியே!" கிருபாவதி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள். சோறு போட்டது நான், நடை அவளுடையதா என்று வயிறு எரியும். வாயைத் திறக்க முடியுமா?

இப்போது ஜெனிஃபா வேலூரில் நர்ஸ். லண்டனில் வேலை கிடைத்துவிட்டது, சனிக்கிழமை விமானம். முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்பா, அந்த ஃபிலிம் இன்னும் இருக்குதா?"

சுந்தர்ராஜ் கிருபாவதியைப் பார்த்தார். கிருபாவதி கரண்டியைப் பார்த்தாள்.

"இல்லப்பா, போட்டோல அம்மா கல்லு மாதிரி நிக்கிறாங்க. எல்லாரும் நான் அவங்கள மாதிரியே நடக்குறேன்றாங்க. ஒரு தடவ அவங்க நடக்குறத பாத்துட்டா போதும். சிடியா போட்டுக் குடுத்தீங்கன்னா எடுத்துனு போய்டுவேன்."

"பரண்ல இருக்குது," என்றாள் கிருபாவதி. "எறக்கச் சொல்றேன். நீ களிய சாப்புடு, ஆறிப்போவுது."

ஸ்டுடியோ சுப்பராயன் சுருளை முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மெட்ராஸுக்கு அனுப்பினால் செய்வார்கள், ஆனால் சனிக்கிழமைக்குள் வராது என்றார். "வூட்லயே பண்ணலாம் சார். செவுத்துல வெள்ள சார்ட் ஒட்டுங்க. அதுல படத்த ஓட்டி ஹேண்டிகேம்ல புடிச்சிருங்க. கேசட்ட குடுத்தா நான் சிடி போட்டுத் தர்றேன்."

ஹேண்டிகேம் பக்கத்து வீட்டு அக்தரி பேகத்திடம் இருந்தது. சவுதியில் இருக்கும் அவள் மகன் விட்டுப்போனது. அந்தத் தெருவில் நிக்காஹ், சடங்கு, காதுகுத்து எதுவானாலும் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு படம் பிடிக்கிறவள் பேகம்தான். அவள் வாணியம்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வியாழக்கிழமை காலையில் வருவாள்; ஜெனிஃபாவும் அன்று மதியம் வருவாள். சரி, அதற்குள் புரொஜெக்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று சுந்தர்ராஜ் புதன்கிழமை உட்கார்ந்தார்.

கத்திரி வெயில். சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கிவிடும் என்பதால் நல்ல மத்தியானத்திலேயே ஜன்னல்களில் கம்பளியை அடித்து மறைத்திருந்தார். உள்ளே உட்கார்ந்தால் வேர்வை முழங்கையில் சொட்டியது. புரொஜெக்டரின் விளக்கு எரிந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் ரப்பர் பெல்ட் உருகி மெழுகாகியிருந்தது. சுந்தர்ராஜ் அசரவில்லை. ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை நூல்போல் சீவி, முனைகளைத் தைத்துப் பெல்ட்டாக மாட்டிவிட்டார். அது வழுக்கி வழுக்கிச் சுற்றியது. ஒரு கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே, கண்ணைப் பல்சக்கரத்தில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்கவேண்டியதாயிற்று. ஃபிலிம் கருவாடுபோல் முறுக்கிக்கொண்டு வந்தது. வீடு முழுக்கக் காடி நாற்றம்.

"தோல ஆசிட்ல போடுற பிக்கிள் டிரம்ம தொறந்தா மாதிரி வாசன வருது," என்றார். "நீ சார்ட்டுகிட்ட நின்னு பாரு கிருபா. படம் தெரியுதா? தல நேரா இருக்குதா?"

"வாசக்கால் தெரியுது."

அவர்கள் வீட்டுச் சமையலறை வாசற்கால்தான். பச்சைப் பெயிண்ட் அடிக்கிறதற்கு முந்தின வாசற்கால். கொஞ்ச நேரம் அங்கே யாரும் வரவில்லை. பிறகு அவள் வந்தாள்.

கிருபாவதி கல்யாணப் போட்டோவில் பார்த்த பெண் இல்லை இது. மாவுக்கையோடு ஒருத்தி விறுவிறுவென்று வந்து, கேமராவைக் கண்டு, மணிக்கட்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். மறுபடி வெறும் வாசற்கால். மறுபடி வந்தாள், இடுப்பில் குழந்தை. குதிகாலைத் தரையில் ஓங்கிக் குத்தி, யாரோடோ சண்டைக்குப் போகிற வேகத்தில் நேரே முன்னால் நடந்தாள். குழந்தை பக்கம் தோள் சாய்ந்திருந்தது. பின்னல் முன்னால் வந்து ஆடியது. குழந்தையின் கவுனைக் கீழே இழுத்துவிட்டு, கேமராவைக் காட்டி ஏதோ சொன்னாள். குழந்தை அவள் தாலிச்சங்கிலியையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் தூக்கல்.

கிருபாவதி அந்த நடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெனிஃபா எங்கே இப்படி நடக்கிறாள்? ஜெனிஃபா வலது பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி, செருப்பை லேசாக இழுத்துக்கொண்டு, மெள்ள நடப்பவள். அந்த நடை யாருடையது என்று கிருபாவதிக்குத் தெரியும். தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை இடி! ஊரே கூடிப் பொய் சொல்லியிருக்கிறது. நெஞ்சுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் வந்தது. வந்த சுருக்கிலேயே, சிரிக்கிற அந்தத் தூக்குப்பல்லைப் பார்த்ததும் அது வெட்கமாகப் போயிற்று. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தனக்கு மகள் வயசு. இவளோடா இத்தனை வருஷம் மல்லுக்கு நின்றேன் என்று நினைத்தாள்.

படக்கென்று ஃபிலிம் சிக்கிக்கொண்டது. சுந்தர்ராஜ் விளக்கை அணைத்தார்.

"பாத்தியா? நல்லா இருந்துச்சா?"

"பாத்தேன். நீங்க பாக்கலியா?"

"எங்க பாக்குறது, இத தள்ளிவுடவே செரியா இருந்துச்சி. நாளைக்கு ஜெனிஃபாவோட சேந்து பாத்துக்குறேன்." ஃபிலிமை விரலில் வைத்து வளைத்துப் பார்த்தார். "இப்டியே ஓட்டுனா அறுந்துடும் கிருபா. ரொம்பக் காய்ஞ்சிருக்குது. தோலும் இப்டிதான், காய்ஞ்சத வளைச்சா வெடிக்கும். ஊறவெச்சி எண்ணெ காட்டுனா பட்டு மாதிரி ஆயிடும்."

"தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாதே?"

"போட்டோவ எதுல கழுவுறான், தண்ணியிலதானே?"

"அதும் செரிதான்," என்றாள் கிருபாவதி. அந்த ஒரு சொல்லுக்காக அவள் பிற்பாடு பட்ட வேதனை கொஞ்சநஞ்சமில்லை.

நாற்பது வருஷம் தோலைத் தொட்ட கை. அவசரப்படவில்லை. தலைப்பக்கத்தில் ஓட்டை கிழிந்திருந்த சின்னத் துண்டைப் பிளேடால் வெட்டித் தனியே வைத்துவிட்டு மீதியைத்தான் எடுத்தார். அகலமான எனாமல் தட்டில் இளஞ்சூடாகத் தண்ணீர் விட்டு, முழங்கையால் சூடு பார்த்தார், குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்போல. ஒரு சிட்டிகை சோடா. தோலுக்குப் போடுகிற எண்ணெயில் நாலு சொட்டு. அதை இன்னும் ஒரு பாட்டிலில் வைத்திருந்தார், பெல்ட்டு செருப்புக்குப் போடுவதற்கு. சுருளைப் பிரித்து அதில் அமிழ்த்தினார். முறுக்கு மெள்ள விட்டது. "பாத்தியா, பாத்தியா," என்றார் குஷியாக. கிருபாவதி காபி போட உள்ளே போனாள்.

காபியோடு வந்தபோது அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் மெல்லிய தோல்துணி. தட்டில் தண்ணீர் கலங்கிப் பழுப்பாக, அதில் பாலாடைபோல் ஏதோ மிதந்தது. ஃபிலிம் கண்ணாடிபோல் வெளுத்து ஒரு பக்கமாகக் கிடந்தது.

"இன்னாங்க ஆச்சி?"

அவர் விரலிலிருந்த கொழகொழப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார்.

"வஜ்ரம் கிருபா."

"இன்னாது?"

"வஜ்ரம். பச. தோல்லருந்து செதுக்கித் தள்றோமே சவ்வு, அத வாங்கிப்போய் காய்ச்சுவானே, அதே பச. படத்த இதுலதான் ஒட்டியிருக்கான். தொட்டதுமே தெரிஞ்சிடுச்சி. சுடுதண்ணியில வஜ்ரம் கரையும்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா சொல்லு?"

கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஈரக்கை, நெற்றியில் பழுப்பாக ஒட்டியது. அதைத் துடைக்கவும் பயந்தவர்போல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பியூலாதான் அது, வேறென்ன.

கிருபாவதிக்கு அவரைத் திட்டக் கோபம் வரவில்லை. பரண்மேல் ஏற்றச் சொன்னவளுக்கு என்ன யோக்கியதை? அன்றே அவர் அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தால் இது காய்ந்திருக்காது. காயாமல் இருந்தால் ஊறவைக்கவும் வேண்டியதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை. முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு நின்றாள்.

வியாழக்கிழமை காலை அக்தரி பேகம் ஹேண்டிகேமும் ஸ்டாண்டுமாக வந்தாள்.

"இன்னா கிருபாம்மா, வூடே மய்யத்து வூடு மாதிரி கீது? ஜன்னல்ல கம்பளி வேற. கல்யாணத்துல அலைஞ்சி நானே பேஜாராயி வந்திருக்கேன், ஒரு வாய் டீ குடுங்க."

கிருபாவதி டீயைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். பேகம் டீயைக் குடிக்க மறந்துபோனாள்.

"யா அல்லா. பொண்ணுகிட்ட இன்னா சொல்லப்போறீங்க? மிஷின் ரிப்பேர்னு சொல்லிடுங்க. ஊருக்குப் போற புள்ள, அப்பால லெட்டர்ல எழுதிக்கலாம்."

"அங்க போய் தனியா உக்காந்துகினு அழட்டும்றீங்களா? இங்கயே சொல்லிடறேன் பேகம்."

"அண்ணன் எங்க?"

"கொல்லையில. நேத்து மத்தியானத்துலருந்து சோறு எறங்கல."

ஜெனிஃபா வெயிலில் முகம் சிவந்து, கைநிறையப் பைகளோடு வந்தாள். செருப்பைக் கழற்றுமுன்பே சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டைப் பார்த்துச் சிரித்தாள். "ஆஹா, தியேட்டரே கட்டிட்டீங்க. எங்க அப்பா?"

கிருபாவதி அவளை உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பரணிலிருந்து ஆரம்பித்தாள். தான் சொன்னதை, அடுப்புச் சூட்டை, பெல்ட்டை, தட்டை, வஜ்ரத்தை. ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவரைமட்டும் குற்றவாளியாக்கிவிடக் கூடாது என்பதற்காகத் தன் பங்கைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சொன்னாள்.

ஜெனிஃபா வெளுத்த ஃபிலிமை வாங்கி, கம்பளியை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். முழநீளம் முழநீளமாகத் தள்ளிப் பார்த்தாள். ஓரத்து ஓட்டைகள்மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பிளேடால் வெட்டிவைத்த துண்டில் விரலளவுக்குப் படம் இருந்தது.

"இது இன்னா சின்னம்மா?"

"வாசக்கால். அவங்க வர்றதுக்கு முன்ன எடுத்தது."

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போது வந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்த பெண், சத்தம் வராமல் அழத் தெரிந்திருந்தாள். சமையலறைக்கு அந்தப் பக்கம் சுந்தர்ராஜ் வந்து நிற்பது தெரிந்தது. உள்ளே வரவில்லை.

"நீங்க பாத்தீங்களா?" என்றாள் ஜெனிஃபா முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஓட்டிப் பாத்தோம்னு சொன்னீங்களே."

"நான் பாத்தேன். நான் ஒருத்திதான் பாத்தேன்."

"என்ன மாதிரியா நடந்தாங்க?"

கிருபாவதி தண்ணீர்த் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பிள்ளை அந்த ஒன்றையாவது எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவாள். ஊரே சொன்ன பொய்தானே, இவளும் சொன்னால் என்ன? இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? செத்தவள்மேல் இன்னும் பொறாமை தீரவில்லை பார் என்பார்கள். காட்டுவதற்குச் சாட்சியும் முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டது.

"இல்லம்மா," என்றாள். "உன் நட வேற. அவங்க இப்டி நடக்கல."

"அப்பறம் எப்டி?"

சொல்லிப் பார்த்தாள். வேகமா, குதிகாலக் குத்தி, என்று இழுத்தாள். வாய் சொல்கிற காரியமா அது? எழுந்து சமையலறைக்குள் போனாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயசு, மூட்டுவலி, பருத்த உடம்பு. வாசற்காலில் வந்து நின்று, கூடத்தில் யாரையோ கண்டவள்போல் மணிக்கட்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பேகம் ஹேண்டிகேமின் மூடியைக் கழற்றினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

கிருபாவதி மறுபடி வந்தாள். தலையணை ஒன்றை இடுப்பில் வைத்திருந்தாள். குதிகாலைக் குத்திக் குத்தி நடந்தாள். கவுனை இழுத்துவிட்டாள். கையை நீட்டிக் கேமராவைக் காட்டினாள்.

"இங்க ஏதோ சொன்னாங்க," என்றாள் மூச்சு வாங்க.

"இன்னா சொன்னாங்க?"

"தெரிலம்மா. சத்தம் வரல."

"சும்மா ஏதாச்சும் சொல்லுங்களேன் கிருபாம்மா," என்றாள் பேகம், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல்.

"மாட்டேன் பேகம். கேக்காதத சொல்லமாட்டேன். நீ எங்க கேமராவ பாத்த ஜெனிஃபா? செயின இழுத்துகினு இருந்த. அவங்க சிரிச்சாங்க. இங்க ஒரு பல்லு தூக்கலா."

"இன்னும் வேகமா."

சுந்தர்ராஜின் குரல். கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நெற்றியில் பழுப்புக்கறை அப்படியே இருந்தது.

"அவ நின்னு நடக்கமாட்டா கிருபா. இன்னும் வேகமா. அப்டியே, யாரோ கூப்ட்டா மாதிரி."

ஜெனிஃபா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பியூலாவைப் பற்றி அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் பேச்சு அது.

கிருபாவதி உள்ளே போய் மறுபடி நடந்தாள். "தோளு," என்றார் அவர். "புள்ள பக்கம் சாயணும்." மறுபடி உள்ளே போய் வந்தாள். மூட்டு சுரீரென்றது. எந்த வீட்டில் எந்தப் பெண்பிள்ளையை இப்படி நடக்கச் சொல்வார்கள், எவள்தான் நடப்பாள்? அவள் நடந்தாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, குதிகால் தரையில் சரியான சத்தத்தோடு இறங்கியது.

"ஆங்," என்றார் சுந்தர்ராஜ். "அதான். அதேதான்." கதவிலேயே சரிந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். ஜெனிஃபா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கறைபட்ட நெற்றியைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

கிருபாவதி தலையணையோடு சமையலறைக்குள் வந்துவிட்டாள். அடுப்பில் களித்தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. தீயைத் தணித்தாள். கூடத்திலிருந்து, "சின்னம்மா, வாங்களேன்," என்று ஜெனிஃபா கூப்பிடுவது கேட்டது. போகத்தான் நினைத்தாள். வாசற்காலுக்கு வந்ததும் கால் தயங்கியது. இருபத்தெட்டு வருஷமாக நினைக்காமலே நடந்த இடம். இப்போது எந்தக் காலை எப்படி வைப்பது என்று தெரியவில்லை.

மூட்டு வலித்தது. அதுவே வழி சொல்லிற்று. வலது பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி, காலை லேசாக இழுத்துக்கொண்டு, மெள்ள வந்தாள். பேகம் இன்னும் கேமராவை அணைக்கவில்லை. ஜெனிஃபா அப்பாவின் தோளைப் பிடித்தபடியே, சின்னம்மாவின் முகத்தைப் பார்க்காமல், அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.